மாலை போட்ட கம்பியூட்டர்கள்

நம்முடைய வகுப்புக் குழுவில் நேற்று ஒருவர் அந்தப் படத்தைப் போட்டிருந்தீர்கள். செவ்வந்தி மாலை போட்ட ஒரு கம்பியூட்டர், அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், பொத்தானின் மேல் ஒரு பெண்ணின் விரல். கீழே "மறக்க முடியாத பொற்காலம்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே வரிசையாக இதயங்கள், கும்பிடுகள், கண்ணீர் வடிக்கும் முகங்கள். நானும் பார்த்தேன். எனக்குக் கண்ணீர் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நாமெல்லாம் நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிறோம். பாதிப் பேருக்குச் சீனி வருத்தம், மீதிப் பேருக்கு நரை. இந்த வயதில் பழசை நினைத்து உருக யாருக்கும் ஆசை வரும்தான். உருகுங்கள், ஆனால் நடந்ததை நடந்தபடி நினைத்துக்கொண்டு உருகுங்கள். அந்த விரல் என் அக்காவுடையது. அது உங்கள் யாருக்கும் தெரியாத விஷயமுமில்லை.

இப்போது நம்முடைய பள்ளிக்கூடத்துக்குப் பழைய லெப்டொப்புகள் சேர்த்துக் கொடுக்கப் போகிறீர்களாம். அதே இலவச ஆபீஸ் மென்பொருளைப் போட்டுத்தான் கொடுப்பீர்களாம். அன்றைக்குக் கம்பியூட்டர் கொண்டுவந்த அதே அமைப்பின் ஆட்களைப் பிரதம அதிதிகளாகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவீர்களாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதயம் போட்டுவிட்டுப் போகலாம்.

முதலில் அந்த லொறி வந்த நாள். எல்கடுவ மலையேறி வந்ததில் அதன் இஞ்சின் கொதித்து, நம்முடைய பள்ளிக்கூட வாசலில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. மழை தூறியது. வகுப்புகளை விட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓடினோம். ஆறு கம்பியூட்டர்கள், ஒரு பிரிண்டர். எல்லாம் கொழும்பில் ஏதோ கம்பெனிக் கந்தோரில் உழைத்து ஓய்ந்தவை. ஒன்றின் பக்கவாட்டில் யாரோ ஒட்டிய சிறு பிள்ளையார் படம் பாதி கிழிந்து இருந்தது. அவற்றின் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சூடேறிய பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்த வாசனை. திரைக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனால் ரோமம் எழுந்து நிற்கும். நாம் மாறி மாறிக் கையை நீட்டி விளையாடினோம்.

கூடவே ஒரு மிஸ் வந்தார். கொழும்பு மிஸ் என்றுதான் நாம் அவரைச் சொல்வோம். அந்த அமைப்பின் பெயர் போட்ட டீசேர்ட் போட்டிருந்தார். நமக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். எல்லாம் பெரிய ஆட்களின் அளவு. முழங்கால் வரை தொங்கிய அந்தச் சட்டையை நான் பல வருஷம் படுக்கும்போது போட்டுக்கொண்டேன். மிஸ் சிங்களத்தில் பேசினார், பள்ளிக்கூடத்து அதிபர் அதில் பாதியைத் தமிழில் சொன்னார். இந்த ஆபீஸ் மென்பொருள் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். இதைப் பிரதி எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். இதுதான் சுதந்திரம். காசுக்கு விற்கிற ஆபீசைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்வது களவு. களவு எடுக்கக் கூடாது.

அதுவரை கம்பியூட்டரைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் நாம். நமக்கு அவர்கள் முதலில் சொல்லித் தந்த பாடம் களவு எடுக்கக் கூடாது என்பது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

அன்று மாலை தேயிலை மலையில் வேலை முடித்து வந்த அப்பாவிடம் இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஆபீசையே சும்மா குடுக்கிறாங்களா? அப்ப தொரை எங்க போயி குந்துவாரு?"

அக்கா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. அவள் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

அக்கா அப்போது ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். நம்முடைய பள்ளிக்கூடத்து டீச்சர்மார் கம்பியூட்டரைக் கண்டால் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். எதையாவது அமத்தினால் வெடித்துவிடும் என்று அதிபரே பயந்தார். அதனால் மாத்தளை டவுனில் அந்த அமைப்பு நடத்திய பயிற்சிக்கு அக்காவை அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்ததிலிருந்து அந்த அறை அவளுடைய பொறுப்பு. சம்பளம் ஒன்றும் கிடையாது. நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டால் இன்றைக்கு நீங்கள் கொழும்பு மிஸ் என்பீர்கள். மிஸ் வந்தது இரண்டே தடவை. தினமும் நம் பக்கத்தில் நின்று, கம்பியூட்டர் எலியைப் பிடித்த நம் கையைப் பிடித்துக் கோடு போட வைத்தது என் அக்கா.

அந்த மென்பொருளை நான் குறை சொல்ல மாட்டேன். அது தமிழில் இருந்தது. மேலே கோப்பு, திருத்து, பார் என்று தமிழில் எழுதியிருக்கும். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிக்கிற நமக்கு அது எவ்வளவு பெரிய காரியம். ஆனால் கீபோர்டில் தமிழ் எழுத்து இல்லை. அக்கா டிஸ்பென்சரியில் கேட்டு வெள்ளைப் பிளாஸ்டர் ஒரு சுருள் வாங்கி வந்தாள். காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்டர்தான். அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, நீல மையில் ஒவ்வொரு எழுத்தாக எழுதி, ஆறு கீபோர்டிலும் ஒட்டினாள். நம் விரல் அழுக்குப் பட்டு அவை பழுப்பேறின. ஓரம் கிழிந்தால் அக்கா புதுத் துண்டு ஒட்டுவாள். அந்த அறைக்குள் நுழைந்தாலே டிஸ்பென்சரி வாசம் அடிக்கும்.

பனி இறங்கும் மாதங்களில் கம்பியூட்டருக்குள் ஈரம் ஏறிவிடும் என்று மேசைக்குக் கீழே ஒரு குண்டு பல்பு எரிய விட்டிருந்தாள். நாம் அதில் கையைக் காய்ச்சிக்கொள்வோம்.

தோட்டத்தை நடத்தும் தொரை காதுக்கும் இது போயிருந்தது. தோட்டத்து ஆபீசில் அப்போதுதான் கம்பியூட்டர் வாங்கியிருந்தார்கள். கிளாக்கருக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு வந்தது. ஒரு நாள் கிளாக்கர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒன் மூத்தவ கம்பியூட்டர் அடிக்கிறாளாமே? எனக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேணும். லயத்துத் தொழிலாளி புள்ளைன்னாலும் பரவாயில்லன்னு தொரை சொல்லிட்டாரு. ஆனா பேப்பர் இருக்கணும். அவங்க குடுக்கிற சேர்ட்டிபிகேட்ட கொண்டாரச் சொல்லு."

அந்த அமைப்பு அடுத்த தடவை வரும்போது, கம்பியூட்டர்கள் நல்லபடி பாவிக்கப்படுகின்றனவா என்று பார்த்து, பழகியவர்களின் பேரை எழுதிக்கொண்டு போய் சேர்ட்டிபிகேட் அனுப்பும். அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அக்கா கொழுந்துக் கூடை தூக்குவதா, ஆபீசில் நாற்காலியில் உட்காருவதா என்பது அந்த ஒரு வருகையில் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அம்மா அந்தக் கடுதாசிக்காகச் சாமிக்கு நேர்த்தியே வைத்திருந்தாள்.

அவர்கள் எப்போது வந்தார்கள் தெரியுமா? நம்முடைய வாணி விழா அன்று. நம்மைப் பார்ப்பதற்கென்று கிளம்பி வரவுமில்லை. வெளிநாட்டிலிருந்து காசு கொடுக்கிற வெள்ளைக்கார ஐயா ஒருவரைச் சீகிரியாவுக்குக் கூட்டிப்போய், மலை ஏறி இறங்கி, திரும்பிப் போகிற வழியில் இங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணம். முதல் நாள் மத்தியானம்தான் அதிபருக்குப் போன் வந்தது.

அதிபர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பெரிய கஷ்டம், கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் வீட்டில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சோபா செட்டி வாங்கிய நாளில் போட்டிருந்த பொலித்தீன் அவர் பென்சன் எடுக்கும் வரை கழற்றப்படவில்லை. யாராவது ஒன்றைக் கொடுத்தால், கொடுத்தவர் திரும்பி வரும்போது அது கொடுத்த மாதிரியே இருக்க வேண்டும். நம் ஆட்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. சித்தி கொண்டுவந்த சவுதிப் போர்வை நம் வீடுகளில் எத்தனை வருஷம் பெட்டிக்குள் கிடந்தது? கொடுத்தவருக்கு நாம் காட்டுகிற மரியாதை அது.

போனை வைத்ததும் அதிபர் நேரே கம்பியூட்டர் அறைக்கு வந்தார்.

"என்னா புள்ள இது? ஒப்பரேசன் பண்ணுன மாதிரி பிளாஸ்டர் ஒட்டி வச்சிருக்க? வெள்ளைக்காரன் பாத்தா என்னா நெனப்பான்? எல்லாத்தையும் பிய்ச்சி எடு."

"சேர், அது இல்லாட்டி சின்னப் புள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது."

"நாளைக்கு யாரு எழுதப் போறா? நாளைக்கு பூச. பெறகு ஒட்டிக்கலாம்."

அக்கா ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். நாமும் சேர்ந்து பிய்த்தோம். உங்களுக்கு நினைவிருக்கும், பல்பொடியையும் பேஸ்டையும் போட்டுப் பழைய பிரஷ்ஷால் கீபோர்டுகளைத் தேய்த்தோம். நம் விரல் பட்ட தடம் ஒன்றும் இல்லாமல் வெள்ளை வெளேரென்று ஆக்கினோம். அதிபர் எங்கிருந்தோ புதுப் பொலித்தீன் வாங்கி வந்து பிரிண்டரைச் சுற்றினார். மேசைக்குக் கீழிருந்த குண்டு பல்பையும் எடுக்கச் சொன்னார். ஒரு முழு வருஷத்து உழைப்பை நாமே கழுவித் துடைத்து அழித்தோம். அதைச் சிரித்துக்கொண்டும் தண்ணீர் தெளித்து விளையாடிக்கொண்டும் செய்தோம்.

மறு நாள் காலையில் கம்பியூட்டர்களுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, கலைவாணி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு சேர்த்துப் பூசையில் வைத்தாகிவிட்டது. பூசையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக் கூடாது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படிக்காமலிருக்க நமக்கு வருஷத்தில் கிடைத்த ஒரே சாமி அனுமதி அதுதானே.

வேன் வந்தது. கொழும்பு மிஸ், அவருக்குப் பின்னால் வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்கார ஐயா, கழுத்தில் கெமரா. வேன் ஓட்டி வந்தவர் மாத்தளை முஸ்லிம் நானா ஒருவர். தமிழும் சிங்களமும் முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அதனால் அவரே எல்லோருக்கும் வாயாக நின்றார். கடலையும் அவலும் கொடுத்தோம். வாணி விழா நிகழ்ச்சி நிரல் தாளில் சுற்றிக் கொடுத்தோம். அந்தத் தாளை அடித்தது அக்கா. ஓரத்தில் பூ வேலை போட்டு, இரண்டு நிரலாகப் பிரித்து, அந்த இலவச ஆபீசிலேயே அடித்தது.

மிஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். மாலைகளைப் பார்த்தார், பொலித்தீனைப் பார்த்தார், பளபளத்த கீபோர்டுகளைப் பார்த்தார். முகம் சுருங்கியது. நானா அதிபரிடம் கேட்டார்.

"சேர், புள்ளைகள் இத பாவிக்கிறாங்களா ண்டு மிஸ் கேக்குறாங்க."

அதிபர் நிமிர்ந்து நின்றார். நானாவை விட்டுவிட்டுத் தன்னுடைய இங்கிலீஷில் நேராகவே சொன்னார். நோ டச்சிங் மெடம். ஒல் நியூ. லைக் கோட், சாமி மாதிரியாம்.

தன் வாழ்க்கையிலேயே பெரிய நன்றியை அன்றைக்குச் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. வெள்ளைக்கார ஐயா மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் கையிலிருந்த புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

அக்காவுக்கு விளங்கிவிட்டது. அவள் முன்னால் வந்து கடலை சுற்றிய தாளை மிஸ்ஸிடம் நீட்டினாள்.

"நானா, சொல்லுங்க, தெனமும் பாவிக்கிறோம். இது நான் அடிச்சது. இதுலதான் அடிச்சேன்."

நானா சொன்னார். மிஸ் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"டவுன்ல அடிச்சதா ண்டு கேக்குறாங்க."

"ஆமா, டவுன்லதான், டவுன்லதான்" என்று அதிபர் முந்திக்கொண்டார். அக்கா அடித்ததை டவுனில் போட்டோக்கொப்பி எடுத்து வந்தது அவர். செலவு செய்ததைத்தான் அவர் சொன்னார், பாவி மனிதர். மிஸ் தலையை ஆட்டிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு நானா கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தங்கச்சி, கம்பியூட்டர் ஒன்ன போட்டுக் காட்டட்டாம். போட்டுக் காட்டினா பேரெல்லாம் எழுதிக்கிட்டுப் போறாங்களாம்."

"நாளைக்கு வரச் சொல்லுங்க நானா. இன்னைக்குப் பூசையில இருக்கு. நாளைக்கு எல்லாம் காட்டுறேன்."

"நாளைக்கு வர ஏலாதாம். இப்ப காட்டட்டாம்."

கதவடியில் அம்மா நின்றாள், உங்கள் அம்மாமாரும் நின்றார்கள். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். அக்கா கலைவாணி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு, மாலையை விலக்கி, விரலை நீட்டிப் பொத்தானை அமத்தினாள். அப்போதுதான் வெள்ளைக்கார ஐயாவின் கெமரா மின்னியது.

கம்பியூட்டர் வரவில்லை.

மறுபடி அமத்தினாள். பக்கத்துக் கம்பியூட்டரையும் அமத்தினாள். எதிலும் உயிரில்லை. அவள் முகம் சாம்பல் பூத்துப் போனதை நான் பார்த்தேன். பின்னாலிருந்து யாரோ ஒரு அம்மா "சாமி குத்தம்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. மிஸ் புத்தகத்தை மூடினார். இருட்டுவதற்கு முன் கொழும்பு போக வேண்டுமாம்.

வேன் வளைவில் மறைந்த பிறகுதான் அதிபர் அக்காவைத் திட்ட ஆரம்பித்தார். பூசையில் இருந்ததைத் தொட்டதற்கு, பெரியவர்கள் இருக்கையில் முந்திப் பேசியதற்கு. திட்டி முடித்து, மூச்சு வாங்கி, சாதாரணமாகச் சொன்னார்.

"அமத்துனா எப்பிடி வரும்? வயரெல்லாம் நான்தானே கழட்டி அலுமாரியில பத்திரமா வச்சிருக்கேன். பூசையில வச்சதை யாரும் போட்டுறக் கூடாதுன்னு."

"அவங்க இருக்கையில சொல்லியிருக்கலாமே சேர்."

"சாமிய மீறிக் கைய வச்ச. அதுக்கு நான் வயர் வேற எடுத்துத் தரணுமா?"

அன்றிரவு வீட்டில் அக்கா சாப்பிடவில்லை.

அந்த மாதமே லொறி மறுபடி வந்தது. பாவிக்காத பள்ளிக்கூடத்திலிருந்து பாவிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம் என்று சொன்னார்களே, நமக்கு மட்டும் அது சொந்தமில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சுதந்திரம் தருகிறவர்கள் அதை லொறியில் ஏற்றித் திருப்பியும் எடுத்துக்கொள்வார்கள். ஏற்றிய அவசரத்தில் அலுமாரியிலிருந்த வயர்களை ஒருவரும் கேட்கவில்லை. அவை பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டன. கொஞ்ச நாளில் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போனீர்கள். லயத்தில் பல வீடுகளில் கொடி கட்டித் துணி காயப்போட அந்தக் கறுப்பு வயர் இருந்தது. அக்கா கொழுந்து மலையிலிருந்து வந்து இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கை உதறிப் போடும்போது, பக்கத்து வீட்டுக் கொடியில் அது கண்முன்னால் தொங்கும்.

சேர்ட்டிபிகேட் வரவில்லை. கிளாக்கருக்கு ஒத்தாசையாக டவுனிலிருந்து ஒரு பையன் வந்தான், அவனிடம் பேப்பர் இருந்தது. அக்கா கொழுந்து பறிக்கப் பெரட்டில் பேர் கொடுத்தாள். இதுவரைக்கும் நான் மிஸ்ஸையும் அதிபரையும் சொன்னேன். இனி உங்களைச் சொல்கிறேன். கம்பியூட்டர் போனதற்கு யார் காரணம் என்று லயத்தில் பேசிக்கொண்டது என்ன? பூசையில் வைத்ததை அவள் தொட்டாள், கலைவாணி கோவித்துக்கொண்டு போய்விட்டாள். உங்கள் அம்மாமார் பேசினார்கள், நீங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து என்னிடம் அதையே சொன்னீர்கள். "ஒங்க அக்காவாலதான்" என்று என் முகத்துக்கு நேரே சொன்ன மூன்று பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அந்த மூன்று பேருக்கும் எலியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள். வயர் கதை தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் போட்ட படத்தில் கீழே இருந்த எழுத்தை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறீர்கள். வெட்டாத படம் என்னிடம் இருக்கிறது. அந்த அமைப்பு இதை இத்தனை வருஷமாகக் கலண்டரில் போட்டது, துண்டுப் பிரசுரத்தில் போட்டது, இப்போதும் தன் இணையப் பக்கத்தின் முகப்பில் வைத்திருக்கிறது. கீழே இங்கிலீஷில் எழுதியிருப்பது இதுதான்: மலைத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி வாழ்க்கையில் முதன்முறையாகக் கம்பியூட்டரைத் தொடுகிறாள். முதன்முறையாகவாம். பிளாஸ்டர் பிய்த்த பிசின் அந்த விரலில் அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிக்கொண்டு போனதைக் கொடுத்ததாகக் காட்டிக் காசு சேர்க்கிறார்கள். அதைத்தான் நீங்கள் பொன்னாடை போர்த்திக் கொண்டாடப் போகிறீர்கள்.

மென்பொருளோடு எனக்குச் சண்டையில்லை. கொழும்பில் நான் கணக்கு எழுதும் இடத்தில் இன்றும் அதே இலவச ஆபீஸ்தான், இதையும் அதில்தான் அடிக்கிறேன். லெப்டொப்புக்கு என் பங்கைத் தருகிறேன். கொடுங்கள், கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். பாவிக்கிறார்களா என்று எட்டிப் பார்க்க ஒருவரும் போக வேண்டாம். அந்த அமைப்புக்காரர் யாராவது மேடையில் ஏறினால் நான் இந்தக் கதையை ஒலிவாங்கியில் படிப்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நேற்றிரவு அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பிவிட்டுப் போன் எடுத்தேன். அவள் அதை இதுவரை பார்த்ததே இல்லை. கீழே இருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அழுவாள், அல்லது என்னைப் போலத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"தங்கச்சி, மாலைக்குப் பின்னால செவுத்துல பாரு. பிளக் பாயிண்ட் தெரியுதா?"

"தெரியுது."

"அதுல வயரு இல்ல. நல்லாத் தெரியுது. இத்தன வருசமா எத்தன பேரு பாத்திருப்பாங்க, எல்லாம் படிச்சவங்க. ஒருத்தர் கண்ணுலயுமா படல?"